தனியுரிமை ஐயா

ஒரு மனிதரை நான் வருடக்கணக்காக வெறுத்தேன். பஸ் நிலையத்தில் விழுந்து கிடந்த என் மகளைத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். முதலில் அதற்காகவே வெறுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. மற்றக் காரணம் பிறகுதான் வந்தது.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து அரசாங்க உத்தியோகத்துக்காக மலைநாட்டுக்கு வந்தவன். பதுளைக் கச்சேரியில் சில காலம் எழுதுவினைஞனாக இருந்துவிட்டு, பண்டாரவளைப் பக்கம் ஒரு பிரதேச சபைக்கு மொழிபெயர்ப்பாளனாக மாற்றலாகிப் போனேன். சிங்களத்தில் வருவதைத் தமிழாக்க வேண்டும். தமிழில் வருவதைச் சிங்களமாக்க வேண்டும். பண்டாரவளையில் வாடகை வீடு. மனைவி, நான், ஒரே மகள்.

மகளுக்குப் பள்ளிக்கூடம் முடிக்கும் வயதில் வலிப்பு தொடங்கியது. மருந்து ஒழுங்காக எடுத்தால் அடங்கியிருக்கும். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை ஒருவரும் சொல்வதில்லை. 'அது' என்போம். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் பக்கத்து வீட்டில் "கண் டொக்டரிட்டப் போறம்" என்று மனைவி சொல்லிவிட்டு வருவாள். பெண்பிள்ளை, நாளைக்கு ஓரிடத்தில் கொடுக்க வேண்டும். கதவைச் சாத்தி வைத்தால் போதும் என்று நம்பினோம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் அவள் பஸ் நிலையத்தில் விழுந்துவிட்டாள். தூக்கியவர் பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிற்சங்கத் தலைவர். தோட்டத்துக்கு ஒரு தலைவர் இருப்பார். அவரை எல்லோரும் 'தலைவர்' என்றே கூப்பிடுவார்கள். தண்ணீர்க் குழாய், பாதை என்று அடிக்கடி சபைக்கு வந்ததில் என்னை அவருக்குத் தெரியும். தன் சாவிக்கொத்தை என் மகளின் கையில் திணித்து, திரீவீலில் ஏற்றி, அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். கேற்றடியில் நின்றே பேசத் தொடங்கிவிட்டார். தேயிலை மலையின் இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவுக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது.

"பயப்படாதீங்க ஐயா, எறங்கிருச்சு! எங்க லயத்துலயும் ஒரு புள்ளைக்கு இருக்கு. இரும்பக் கையில குடுத்தா நின்னுரும்!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

"தலைவர், இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"சேச்சே, நான் என்னாத்துக்குங்க வெளிய சொல்றேன்?"

அந்த வாக்கை அவர் காப்பாற்றினார். எவருக்கும் அவர் சொல்லவில்லை. கேட்கத்தான் செய்தார்.

அடுத்த வருடம் பதுளையில் ஒரு நல்ல குடும்பத்திலிருந்து சம்பந்தம் வந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள். பையனும் அரசாங்க உத்தியோகம். குறிப்புப் பொருந்திற்று. பெண் பார்ப்பதைப் பண்டாரவளைக் கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பூசை முடிந்து வெளிவீதியில் நின்றோம். பையனின் தாய் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, வளையல் எங்கே செய்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது வெள்ளை வேட்டியும் நெற்றி நிறைய திருநீறுமாக அந்தத் தலைவர் கைகூப்பியபடி வந்தார்.

"ஐயா! நல்லா இருக்கீங்களா? புள்ள எப்படிங்க இருக்கு? அதுக்கப்புறம் வலிப்பு வரலீங்களே?"

பையனின் தாய் கையை விட்டதை நான் பார்த்தேன். விரல் விரலாக விட்டார். என் மகள் தலைவரைப் பார்த்துச் சிரித்து, "இப்ப சுகம்" என்றாள். அவர் "முருகா" என்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் கிழமையே பதுளையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்: குறிப்பை மறுபடி பார்த்தார்களாம், பொருந்தவில்லையாம்.

மகள் அழவில்லை. நான் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டிருந்தபோது, "அவர் சுகம்தானே அப்பா கேட்டவர்?" என்றாள். அது என் காதில் ஏறவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு இடம் பேசினோம். இரண்டும் வாசல்வரை வந்து நின்றன. எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்குக் கேட்டது அவருடைய குரல்தான். மகள் ஆசிரியையாகப் போய்ச் சேர்ந்தாள். அவள் தலையில் முதல் நரை தெரிந்த அன்று, கண்ணாடிக்கு முன்னால் நின்று முகம் வழித்துக்கொண்டிருந்த நான், அந்தத் தலைவரின் வாயை ஊசி நூலால் தைப்பதாக நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தையலாக நினைத்தேன். மனதுக்கு இதமாக இருந்தது.

அவர் சபைக்கு வந்துபோய்க்கொண்டேயிருந்தார். ஒவ்வொரு முறையும் "புள்ள சொகமாங்க?" என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி விசாரிப்பார். நான் மரியாதையாகப் பதில் சொல்வேன். நாற்காலி கொடுப்பேன். அடிக்கவோ ஏசவோ எனக்குத் தெரியாது. அதிகாரமும் கையில் இல்லை. மொழிபெயர்ப்பாளனிடம் சொற்கள் மட்டும்தான் இருக்கின்றன. ஒருநாள் ஒரு சொல் கிடைக்கும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் என்று சொன்னால் பொய். ஆனால் கிடைத்தபோது அதை உடனே அடையாளம் கண்டுகொண்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சபைக்கு இணையத்தளம் வந்தது. சபைக் கட்டடத்தின் படம், தவிசாளரின் செய்தி, நாய்க்கு அனுமதிப்பத்திரம் எடுப்பது எப்படி என்ற விளக்கம். பக்கத்தின் அடியில் ஓர் அறிக்கையும் இருக்க வேண்டுமென்று மேலிடத்திலிருந்து ஆங்கிலத்தில் அனுப்பியிருந்தார்கள்: பொதுமக்கள் இந்தத் தளத்தில் தரும் பெயர், முகவரி, முறைப்பாடு எதையும் சபை வெளியே விடாது என்று. அதற்குத் தமிழில் தலைப்பு வைக்க நான் இரண்டு நாள் யோசித்தேன். 'அந்தரங்கம்' என்றால் படுக்கையறை ஞாபகம் வரும். 'இரகசியம்' என்றால் பொலிஸ் ஞாபகம் வரும். கடைசியில் 'தனியுரிமைக் கூற்று' என்று எழுதினேன். அகராதியிலும் அதுதான் இருந்தது. கீழே நான் எழுதிய வாசகம் இன்னும் மனப்பாடம்:

"உங்கள் தனியுரிமையைப் பாதுகாப்பது இச்சபையின் கடமையாகும். உங்களுக்கு உரியவை உங்கள் சம்மதமின்றி எந்த மூன்றாம் தரப்பினருக்கும் கைமாற்றப்படமாட்டா."

எழுதியபோது எனக்குப் பெருமையாக இருந்தது. நாலு சுவருக்குள் வாழ்ந்த என்னைப் போன்றவனுக்கு அதன் அர்த்தம் பளிச்சென்று தெரிந்தது. லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், வாழ்கிறவர் அதை எப்படி வாசிப்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

சில மாதம் கழித்துத் தலைவர் வந்தார். கூடவே அவருடைய பக்கத்துக் காம்பரா அம்மா. லயத்தில் ஒரு குடும்பத்துக்கான அறையைக் காம்பரா என்பார்கள், நீளமாக ஒட்டியிருக்கும். அந்த அம்மா கொழுந்து எடுப்பவர். ஞாயிறுகளில் பண்டாரவளைச் சந்தையில் கோவா என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோஸும் லீக்ஸும் விற்பவர். மகனுக்குப் புதிதாகக் கல்யாணம் முடிந்திருந்தது. ஒற்றை அறையைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு, சாக்குத் துணியைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு இஸ்தோப்பில், அதாவது அறைக்கு முன்னாலுள்ள ஒடுக்கமான விறாந்தையில், அவர் படுத்தார்.

தலைவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தார். பண்டாரவளையில் ஒரு கொமினிகேஷன் கடையில் அச்செடுத்ததாம். என் 'தனியுரிமைக் கூற்று'.

"இது சபை போட்டது தானுங்களே ஐயா?"

"சபை போட்டதுதான்."

"தனியுரிமைன்னா... அவங்கவங்களுக்குத் தனித்தனியா உரிமை. வீடு, காணி. தோட்டக் கம்பெனிக்குக் கைமாத்த மாட்டாங்க. மூணாம் தரப்புன்னு போட்டிருக்கே, அது கம்பெனி தானுங்களே?"

அந்த அம்மா குறுக்கே, "எனக்குப் பெரிய வீடெல்லாம் வேணாங்க ஐயா. சுவரு கூரை வரைக்கும் இருந்தா போதும்" என்றார். "இப்ப இருக்கிறது பாதியோட நிக்குது. மருமக மூக்கு சிந்தினா நாலு காம்பராவுக்குக் கேக்குது. பாவம், அது சிரிக்கவே மாட்டேங்குது."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதை எழுதத் தேவையில்லை. ஒரு வசனம் போதும். இன்னொன்றும் எனக்குத் தெரியும். அதே மாதம் அந்தத் தோட்டத்தில் ஏழு பேர்ச் காணியும் வீடு கட்டக் கடனும் கொடுக்கும் திட்டம் வந்திருந்தது. விருப்பமுள்ள குடும்பங்கள் மாத முடிவுக்குள் தோட்டக் கந்தோரில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அறிவித்தலைத் தமிழாக்கியவனும் நான்தான்.

"கம்பெனிக்காரன் வீடு தர்றேன்னு சொல்றான், கடன் தீர்ற வரைக்கும் பத்திரம் அவன் கையிலயாம்" என்றார் தலைவர். "சபை தனியுரிமை குடுக்குதுன்னா, நாங்க ஏங்க அதுல போயி மாட்டணும்?"

"எழுதியிருக்கிறதை நீங்களே வாசிச்சிட்டீங்கள், தலைவர். நான் அதில ஒரு சொல்லும் கூட்டிக் குறைக்கேல்லை."

"அப்ப ஆளுகளுக்குச் சொல்லலாங்களா?"

கோயில் வீதியில் விரல் விரலாக விட்ட அந்தக் கை என் கண்முன் வந்தது.

"சொல்லுங்கோ" என்றேன். "நல்லா உரத்துச் சொல்லுங்கோ. உங்களுக்கு நல்ல குரல் இருக்கு."

அவர் மகிழ்ந்துபோய் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த அம்மா எனக்குக் கும்பிடு போட்டார். அவர்கள் படியிறங்கும்வரை பார்த்திருந்துவிட்டு, தேத்தண்ணி வரவழைத்துக் குடித்தேன். அன்றைக்குப் போல ருசியான தேத்தண்ணியை நான் குடித்ததில்லை.

அவர் உரத்துத்தான் சொன்னார். கோயில் திருவிழா ஒலிபெருக்கியில் சொன்னாராம். பெரட்டுக்களத்தில், காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில், தோட்டத்தை நடத்தும் துரைக்கு முன்னாலேயே சொன்னாராம். "படிச்சுப் பாத்தேன், எனக்கு எவனும் சொல்லிக்குடுக்கத் தேவையில்ல" என்று மார்தட்டினாராம். இந்தச் செய்திகள் சபைக்கு வரும்போது நான் காது கொடுத்துக் கேட்பேன். அவர் எவ்வளவு உயரம் ஏறுகிறாரோ அவ்வளவு நல்லது என்றிருந்தது. மாத முடிவு வந்தது. நான் ஒரு நாளைக்கு இருமுறை நாட்காட்டியைப் பார்த்தேன். தோட்டக் கந்தோருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான் தேவை. தொலைபேசி என் மேசையிலேயே இருந்தது. அந்தத் தோட்டத்தில் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. அவர்களுக்கென்று வந்த வீடுகள் வேறு தோட்டத்துக்குப் போயின.

பிறகு ஒரு திங்கட்கிழமை, பொதுமக்கள் தினத்தில், தலைவர் ஒரு லொறி நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு சபைக்கு வந்தார். தனியுரிமைப் பத்திரம் எப்போது தருவீர்கள் என்று தவிசாளரைக் கேட்டார். தவிசாளர் சிங்களவர், விளங்கவில்லை. கணினிக்குப் பொறுப்பான பெண் திரையைக் காட்டி விளக்கினாள். தவிசாளர் மேசையில் கையடித்துச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் என்னைக் கூப்பிட்டு, "இவர்களுக்குத் தமிழில் சொல்லிவிடுங்கள்" என்றார்.

மண்டபம் நிறைந்திருந்தது. நான் எழுந்து நின்று, என் தொண்டையில் இருந்த அத்தனை சத்தத்தோடும் சொன்னேன்:

"நீங்கள் எங்களுக்குச் சொல்லுற சொந்த விசயத்தை நாங்கள் வேற ஆருக்கும் சொல்லமாட்டம். அதுதான் தனியுரிமை. வீடும் இல்லை, காணியும் இல்லை. மற்றவையின்ர விசயத்தைச் சபையில கதைக்கக்கூடாது. அவ்வளவுதான், தலைவர். விளங்கிச்சுதோ?"

கடைசி வசனங்களை அவரைப் பார்த்துச் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை என்பது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

"ஏ தலைவரே! எங்க ரகசியத்தக் காப்பாத்தவா கையெழுத்துப் போடாதன்னு சொன்ன? எங்க லயத்துல ஏதுய்யா ரகசியம்? நான் மொளகா தாளிச்சா மூணாவது காம்பராக்காரன் இருமுறான்!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்த ஒரு கணத்தில் அது வேறாக மாறியது. "வந்த வீட்டத் தள்ளிவிட்டுட்டியே, படிச்ச மேதை!" என்று ஓர் ஆள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். அந்த அம்மா மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சபை மண்டபத்துச் சுவர் கூரைவரை போகும்.

இப்போது தலைவர் என் பெயரைச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். 'ஐயாவைக் கேட்டுத்தானே சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை போயிருக்கும். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்" என்றார், முதல் முறையாகத் தணிந்த குரலில். எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை என்று மார்தட்டியவர், கேட்டுத் தெரிந்துகொண்டதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டார் என்று அன்றிரவு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவாகவும் இருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வருடமே அவருடைய தலைவர் பதவி போயிற்று. அவருக்கு வணக்கம் சொல்லாமல் ஆட்கள் கடந்துபோவதை பஸ் நிலையத்தில் ஒருநாள் பார்த்தேன். நிறைவாக இருந்தது. அந்த நிறைவு கொஞ்ச நாள் இருந்தது. சந்தையில் அந்த அம்மாவிடம் கோவா வாங்கும்போதுதான் அது கெட்டுப்போகும். எனக்கு நல்ல கோவாவாகப் பார்த்துத் தருவார். தந்துவிட்டு, "ஐயா சொகமா? டீச்சர் சொகமா?" என்பார். மருமகள் பிள்ளை உண்டாகி, கூச்சம் தாங்காமல் தாய்வீட்டோடு போய்விட்டாளாம். மகனும் அவள் பின்னால் போய்விட்டானாம். "ஒரு சுவரு இருந்திருந்தா இருந்திருப்பாங்க" என்றார், நிறுத்துக்கொண்டே. நான் வேறு ஆளிடம் கோவா வாங்கத் தொடங்கினேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் போனேன். பூனாகலை பஸ்ஸில் இறங்கி, தேயிலைக்கு நடுவே ஏறிப்போய் லயத்தைக் கண்டுபிடித்தேன். பழைய தலைவர் இஸ்தோப்பில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். எழுந்து நாற்காலியைத் துடைத்தார். உள்ளே கூட்டிப்போய்ப் பிளேன்ரீ கொடுத்தார்.

"புள்ள எப்படிங்க இருக்கு?"

அதே குரல் திரும்பி வந்திருந்தது. எனக்குள் பழைய சூடு ஒரு கணம் ஏறியதை மறைக்கமாட்டேன்.

"சுகம். உங்களோட கொஞ்சம் தனியாக் கதைக்க வேணும்."

அவர் சிரித்துவிட்டார். "தனியாவா? இங்க ஏதுங்க தனி? சொல்லுங்க."

பக்கத்துக் காம்பராவில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நான் குரலைத் தணித்தேன்.

"அந்தச் சொல்லின்ர அர்த்தம் எனக்கு அண்டைக்கே தெரியும். வீடில்லை எண்டு தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் உரத்துச் சொல்லுங்கோ எண்டு சொன்னனான்."

ரேடியோ நின்றது.

"ஏங்க?" என்றார் அவர்.

"நீங்கள் கோயில் வீதியில, மாப்பிள்ளை வீட்டாக்களுக்கு முன்னால, என்ர பிள்ளைக்கு வலிப்பு வந்ததோ எண்டு கேட்டீங்கள். அந்தக் கல்யாணம் நிண்டுபோச்சு."

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், ஞாபகம் வரவில்லை. "எப்பங்க? கேட்டிருப்பேன். சொகமான்னு தானுங்க கேட்டிருப்பேன்?"

அப்போது பாதிச் சுவருக்கு மேலாக, கூரைக்கடியிலிருந்த இடைவெளியால், அந்த அம்மாவின் குரல் வந்தது.

"சொகம் கேட்டதுக்கா ஐயா?"

தலைவர் என் கையிலிருந்த பாதி குடித்த கோப்பையை வாங்கி, மிச்சத்தை வாசலில் வீசி ஊற்றினார். "நீங்க போங்க" என்றார். வெளியே வந்தபோது எல்லா இஸ்தோப்புகளிலும் ஆட்கள் நின்றார்கள். வெள்ளை அடித்த அந்த நீண்ட சுவரோரமாக அத்தனை பேருக்கும் முன்னால் நடந்து இறங்கினேன்.

அடுத்த ஞாயிறே சந்தையில் எனக்குப் பெயர் வந்துவிட்டது. "தனியுரிமை ஐயா வாறாரு, வெலைய மெதுவாச் சொல்லுங்க" என்று ஒருவர் சொல்ல, வரிசையே சிரித்தது. மகள் என்னோடு வந்திருந்தாள். வீட்டுக்குப் போய்க் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப எனக்கு வலிப்பு எண்டு லயம் முழுக்க இப்ப நீங்களே சொல்லிப்போட்டு வந்திருக்கிறீங்கள்" என்றாள்.

அது அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

"அதை விடுங்கோ. அந்த மனிசிக்கு வீடு இல்லாமப் போனது என்ர பேரில. என்னைக் கேட்டனீங்களோ?"

அதற்குப் பிறகு நெடுநாள் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் ஞாயிறுகளில் என்னையும் கூட்டிக்கொண்டு அந்த அம்மாவிடமே கோவா வாங்கப் போவாள். அவர் இன்னும் அந்த லயத்தில்தான் இருக்கிறார். அறை முழுக்க இப்போது அவருக்குத்தான்; ஆனாலும் பழக்கம் விடாமல் இஸ்தோப்பிலேயே படுக்கிறாராம்.

"டீச்சர், சொகமா? வலிப்பெல்லாம் வரலீங்களே?" என்று சந்தை முழுக்கக் கேட்கும்படி விசாரிப்பார்.

"இல்லையம்மா, சுகம்!" என்று மகளும் அதே சத்தத்தில் சொல்லுவாள்.

பிறகு அந்த அம்மா கோவாவை நிறுத்து, என் பையில் போடுவார். நல்ல கோவாவாகத்தான் இருக்கும். 'ஐயா சொகமா?' என்று மட்டும் அவர் என்னைக் கேட்பதில்லை.